நவதாராளவாதம் – சொல் விளக்கம்

'தாராளம்' என்றால் நமக்கு வாரிக் கொடுப்பது. அதனால் நவதாராளவாதம் என்றதும் அரசு மக்களுக்கு அள்ளி வழங்கும் கொள்கை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பொருள் கிட்டத்தட்ட நேர்மாறு. மூலச் சொல்லான ஆங்கில 'நியோலிபரலிச'த்தின் வேர் லத்தீன் 'லீபர்', அதாவது கட்டற்ற. இங்கே கட்டு அவிழ்வது சந்தைக்கு. கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அரசின் பொறுப்பைக் குறைத்து, சந்தையிடம் விடச் சொல்வதே இந்தக் கொள்கை.

'நவ' வடமொழி என்பதால் சிலர் 'புதுத் தாராளவாதம்' என்று எழுதுகிறார்கள். இலங்கையில் தாராண்மைவாதம் என்ற வழக்கும் உண்டு. இரண்டிலும் கொடைக் குழப்பம் அப்படியே இருக்கிறது. 'புதுச் சந்தைவாதம்' என்பதே சரியான சொல் என்பேன்.

1938-இல் அமெரிக்க எழுத்தாளர் வால்டர் லிப்மனின் நூலையொட்டிப் பாரிஸில் நடந்த கருத்தரங்கில் ஜெர்மானியரான அலெக்சாண்டர் ருஸ்டோவ் இச்சொல்லை முன்வைத்தார். சந்தை ஒழுங்காக நடக்க வலுவான அரசு வேண்டும் என்றவர் அவர். அரசு ஒதுங்க வேண்டும் என்ற இன்றைய பொருள் பரவியதில், ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் கீழிருந்த சிலி நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

அங்கே 1981-இல் பொது ஓய்வூதியம் போய், தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிதி நிறுவனத்தில் போட்டு வைக்கும் முறை வந்தது. முதலாளியின் பங்கு நீக்கப்பட்டது. சேர்ந்த பணமும், சந்தை தந்த லாபமும்தான் வயதான காலத்துக்கு. அப்புறம் என்ன ஆகும்? அவ்வப்போது வேலை இழந்தவர்கள், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்கள், அன்றாடக் கூலிகள் கணக்கில் சொற்பமே மிஞ்சியது. 2008-இல் ஏழை முதியவர்களுக்கு அரசே வரிப்பணத்தில் அடிப்படை ஓய்வூதியம் தர வேண்டியதாயிற்று. இதில் எனக்கு ஆறாத ஒன்று: திட்டத்தைக் கொண்டுவந்த ராணுவ ஆட்சி, ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டும் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டது.

இந்தியாவிலும் 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குச் சந்தையை நம்பிய ஓய்வூதியம்தான் வந்தது, முப்படையினருக்கு விலக்கு. தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். சிலியின் 1981 முறையைப் போலன்றி இங்கே அரசும் தன் பங்கைப் போட்டது. ஆனால் ஓய்வுபெற்றபின் மாதம் இவ்வளவு என்ற உறுதி அத்திட்டத்தில் இருக்கவில்லை. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் 'பழைய ஓய்வூதியம் வேண்டும்' என்று தெருவுக்கு வந்தது அதற்காகத்தான்.