மண்மேடும் சேர்ந்ததுதான் கல்லறை

பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கு முழுக்கப் புல் மூடிய மண்மேடுகள். அவற்றில் பலவற்றின் அடியில், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வாழ்ந்த திரேசியர் என்ற பழங்கால மக்கள் தங்கள் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. மேட்டை வெறும் மூடி என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் கட்டடத்தின் பலத்தில் பாதி அந்த மண்தான்.

முதலில் குவிமாடம். கற்களை வட்டமாக ஒரு வரிசை அடுக்கி, அடுத்த வரிசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். அதற்கு மேல் வருவது இன்னும் உள்ளே. நீட்டிக்கொண்டிருக்கும் கல் தனியாக இருந்தால் கவிழ்ந்துவிடும். ஆனால் வட்டம் முழுமையானதும் பக்கத்துக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. உள்ளே விழ எதற்கும் இடமில்லை. சுற்றிலும் மண் அழுத்தியும் கிணற்றின் உறை சரியாமல் நிற்பதும் இதே கணக்கில்தான். முடிந்த வட்டம் தன்னைத் தானே தாங்கும் என்பதால் உள்ளே பெரிய மரச்சாரம் தேவையில்லை. உச்சியில் மிஞ்சும் துளையை ஒரு கல் மூடிவிடும்.

சிக்கல் கீழே வருகிறது. மேலிருக்கும் பாரம் அடி வரிசைகளை வெளியே தள்ளும். நெருக்கத்தைத் தாங்கும் கல், இழுவிசையைத் தாங்காது. சுற்றிக் கொட்டிய மண் இங்கேதான் கைகொடுக்கிறது: பக்கவாட்டில் உள்நோக்கி அழுத்துகிறது, நீட்டிய கற்களின் பின்பக்கத்தில் பாரமாக அமர்ந்து அவை கவிழாமலும் பார்த்துக்கொள்கிறது.

உள்ளே போகும் நடைபாதைக்கு வட்டத்தின் உதவி கிடையாது. இரண்டு சுவர்களும் மேலே போகப் போக நெருங்கி வர வேண்டும், அவ்வளவுதான். அதனால் அது குறுகலாகவே இருக்கும். பல்கேரியாவின் தென்கிழக்கில் உள்ள மெசெக் கல்லறையில் இப்படியொரு பாதை 20 மீட்டருக்கும் மேல் நீள்கிறது.

எல்லோரும் ஒரே முறையில் கட்டவில்லை. நாட்டின் வடகிழக்கில் 1982-இல் கிடைத்த ஸ்வெஷ்தாரி கல்லறையின் கூரை அரை உருளை வடிவம். கைகளை உயர்த்திய 10 பெண் சிலைகள் அதைத் தாங்குவது போலத் தெரியும். பாரம் இறங்குவது சுவர்களில்.

1944-இல் படைவீரர்கள் குழி தோண்டும்போது வெளிப்பட்டது கசன்லாக் கல்லறை. செங்கல் குவிமாடம், அறையின் விட்டம் 2.65 மீட்டர், உயரம் 3.25 மீட்டர். உட்புறத்தில் ஈமவிருந்தும் ஓடும் தேர்களும் வண்ணம் மங்காமல் இருந்தன. வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாமல் அதுவரை காத்ததும் மண்தான். திறந்த பிறகு அந்த வேலையை மனிதர்கள் ஏற்க வேண்டியதாயிற்று. மூச்சுக்காற்றின் ஈரம்கூட ஓவியத்துக்கு ஆகாது என்பதால், பார்வையாளர்களுக்கென்று அருகிலேயே அச்சாக ஒரு நகலைக் கட்டியிருக்கிறார்கள்.