வியாக்கியானம்: தனியாகச் செய்யக்கூடியதா?

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு புளோக்கின் பதினோராம் மாடி வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். அன்று எரேமியா 29:11 வாசித்தோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அறுபது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, "இது என் பேரனுக்கே சொன்ன மாதிரி இருக்கு" என்றார். பேரனின் ஓ லெவல் தேர்வு முடிவு வரவேண்டிய வாரம் அது. உடனே ஒரு தம்பி, "அது சுய வியாக்கியானம் அக்கா. 2 பேதுரு 1:20 அதைக் கூடாதுங்குது" என்றார். அக்கா வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

ஒருவரை வாயடைக்க வைத்த அந்தச் சொல் என்ன பொருளுடையது என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வியாக்கியானம் வடசொல். வி, ஆ என்ற இரண்டு முன்னொட்டுகள், 'சொல்லுதல்' என்று பொருள்படும் 'க்யா' என்ற வேர். பிரித்து, விரித்து, முழுக்கச் சொல்வது என்பது இதன் பொருள். 'ஞானம்' இதில் இல்லை. ஒலி ஒற்றுமையால் அப்படி எண்ணுகிறவர்கள் உண்டு. வடமொழி மரபு இதற்கு ஐந்து இலக்கணம் வகுத்திருக்கிறது: சொற்களைப் பிரித்தல், சொற்பொருள் உரைத்தல், தொகைச்சொற்களை விரித்தல், வாக்கியத்தை இயைத்துக் காட்டல், எழும் தடைக்கு விடை கூறல். அந்த ஐந்தாவதில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். தடை சொல்ல எதிரே ஒருவர் இருந்தால்தானே விடை சொல்ல முடியும்?

தமிழில் இந்தச் சொல்லுக்குப் பெரும் மதிப்பைக் கொடுத்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு மட்டும் ஐந்து வியாக்கியானங்கள் எழுந்தன. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி முதலாவது. நம்பிள்ளை வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிய முப்பத்தாறாயிரப்படிதான் 'ஈடு' என்று போற்றப்படுகிறது. ஆழ்வார்களின் நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுமைக்கும் உரைகண்ட பெரியவாச்சான் பிள்ளைக்கு 'வியாக்கியான சக்கரவர்த்தி' என்றே பெயர். ஒரே நூலுக்கு ஐந்து விளக்கங்கள் இருந்தும் ஒன்று வந்ததால் மற்றது தள்ளப்படவில்லை. இன்று வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் தேய்ந்துபோய், "பெரிய வியாக்கியானம் பண்ணாதே" என்ற அதட்டலாகிவிட்டது.

சரி, அந்தத் தம்பி சொன்ன வசனத்தில் இந்தச் சொல் இருக்கிறதா? இல்லை. "வேதத்திலுள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதாயிராதென்று நீங்கள் முந்தி அறியவேண்டியது" என்பதே நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு. வியாக்கியானம் என்ற சொல் 1 கொரிந்தியர் 12இல், பாஷைகளை வியாக்கியானம்பண்ணும் வரத்தைப் பற்றிய இடத்தில் வருகிறது. பேதுருவின் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'எபிலூசிஸ்'. கட்டவிழ்த்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. அதன் வினைவடிவம் மாற்கு 4:34இல் இயேசு உவமைகளைச் சீஷர்களுக்குத் தனியே "விவரித்துச்சொன்னார்" என்ற இடத்தில் இருக்கிறது. புதிரை அவிழ்ப்பது, முடிச்சை அவிழ்ப்பது என்று நாம் சொல்லும் அதே அவிழ்ப்பு.

பேதுரு யாருடைய அவிழ்ப்பைச் சொல்கிறார், வாசிப்பவருடையதையா தீர்க்கதரிசியுடையதையா? மொழிபெயர்ப்புகள் இங்கே பிரிகின்றன. பழைய மொழிபெயர்ப்பு 'சுயதோற்றம்' என்று ஊற்றைப் பற்றிப் பேசுகிறது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்போ ஒருவரின் சொந்த விளக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த வசனம் தீர்க்கதரிசனம் "ஒருகாலத்திலும் மனுஷருடைய சித்தத்தினாலே உண்டாகவில்லை" என்று காரணம் சொல்வதால், பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பக்கமே நான் நிற்கிறேன். அக்காவை நோக்கி வீச எழுதப்பட்ட வசனம் அல்ல அது.

அதற்காக யாரும் எப்படியும் பொருள் சொல்லலாம் என்று ஆகாது. அதே நிருபம் 3:16இல், பவுலின் நிருபங்களைச் சிலர் "புரட்டுகிறார்கள்" என்று கண்டிக்கிறது. புரட்டு! தவறான விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? தமிழ் உரையாசிரியர் மரபில் இதற்குச் சற்று மென்மையான பெயர் 'வலிந்து பொருள் கொள்ளுதல்'. நூலில் இல்லாததை இழுத்து வந்து ஏற்றுவது. 'சுய வியாக்கியானம்' என்று நாம் திட்டுவது உண்மையில் இதைத்தான். சொந்தமாகச் சிந்திப்பது வேறு, வலிந்து ஏற்றுவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான் குழப்பம். இங்கே கருத்தறிதல் எழுதும் பிள்ளைகளுக்கே இது தெரியும். சொந்தச் சொற்களில் எழுதச் சொல்லும் ஆசிரியர்தான், பத்தியில் இல்லாததை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்.

வியாக்கியானத்துக்கு நேரான தமிழ் 'உரை'. ஆழ்ந்து விளக்குவது விருத்தியுரை, சுருக்கமானது காண்டிகையுரை. நன்னூல் உரைக்கு 14 கூறுகளை அடுக்குகிறது. அவற்றில் 'வினா', 'விடை' இரண்டும் உண்டு. இங்கேயும் எதிரே ஒருவர்! திருக்குறள் 650 இன்னும் நெருங்கி வருகிறது. "கற்றது உணர விரித்துரையா தார்" மணமில்லாத பூங்கொத்துக்கு ஒப்பு என்கிறது. விரித்து உரைத்தல், வடமொழிச் சொல்லின் உறுப்புகளைத் தமிழாக்கினால் கிடைப்பதும் அதுவே. 'உணர' என்பது கேட்பவர் உணர.

இதற்குத் தமிழில் ஒரு பழங்கதையே இருக்கிறது. காதலுக்கு இலக்கணம் சொல்லும் இறையனார் அகப்பொருள் என்ற நூலின் 60 நூற்பாக்களையும் இறைவனே அருளினான் என்பது மரபு. நூல் இறைவன் வாக்கு. பொருள் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கு ஓர் உரை கண்டார்கள், எது சரி என்று தீரவில்லை. கடைசியில் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை அமர்த்தி, அவன் முன் ஒவ்வொருவராக உரைத்தார்கள். மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் அவன் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வடிந்தது. அந்த உரை தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்தது. இந்தக் கதையில் யாரையும் உரை காணாதே என்று தடுக்கவில்லை. ஆனால் 49 பேரில் ஒருவர்கூடத் தன் உரையைத் தானே மெய்யென்று முடிவுகட்டவும் இல்லை.

மற்ற மரபுகளும் இந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கின்றன. 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாகத் தன் சொந்த முடிவை நம்பி மறைநூலுக்குப் பொருள் கூறக்கூடாது என்றது. ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா ஆலயம் போன்ற இடங்களில் குருவானவர் சொல்வதன் பெயர் 'மறையுரை', நல்ல தமிழ். குர்ஆன் விளக்கத்துக்கு 'தஃப்சீர்' என்று பெயர். தன் கருத்தால் செய்யும் தஃப்சீர் எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்ற விவாதம் அங்கும் பழையது. நம் முஸ்லிம் நண்பர்கள் கேட்டுவிட்டு வரும் 'பயானு'க்கும் தெளிவாக்குதல் என்றே பொருள்.

ஆகவே நான் இப்படிப் புழங்குகிறேன். தனியே வாசித்து மனத்தில் பட்டது 'புரிதல்'. அதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. அதைப் பிறர் முன் வைத்து, முன்பின் வசனங்களோடு இயைத்து, கேள்விக்கு விடை சொன்னால் 'உரை'. நூலைத் தன் பக்கம் வளைத்தால் 'வலிந்து பொருள் கொள்ளுதல்'. 'சுய வியாக்கியானம்' என்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்தே வாசிக்கலாமா என்று கேட்டேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அந்த வரிகளை விட்டு நகர மனமில்லை. பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் கழித்தே ஊர் திரும்பச் செய்வேன் என்று வந்ததும் அக்கா நிமிர்ந்தார்.

"எழுபது வருஷமா? அப்ப, கடிதத்தக் கேட்ட பெரியவங்க யாருமே ஊரு திரும்பியிருக்க மாட்டாங்களே, தம்பி?"

அந்தத் தம்பி, பிள்ளைகளைப் பெறச் சொல்லும் ஆறாம் வசனத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமாக்கா. பேரப்பிள்ளைங்கதான் போயிருப்பாங்க."