விடியற்காலை 4 மணி வேலைக்கு ஸ்கோப் திறப்பது யார்?

வேளச்சேரியில் தண்ணீர் கேன் போடும் ஆப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் விடியற்காலை 4 மணிக்கு, எந்த வீட்டுக்கு எத்தனை கேன் என்ற பட்டியல் டெலிவரி பையன்களுக்குப் போக வேண்டும். யாரும் ஆப்பைத் தொடாத நேரம். சர்வர் தானாகச் செய்ய வேண்டிய வேலை.

வெப் ஆப்களுக்கான மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் இதை எழுதும்போது பலரும் முட்டிக்கொள்ளும் இடம் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய டேட்டாபேஸ், எஸ்எம்எஸ் சமாசாரங்களைத் தானே உருவாக்காமல் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் அது. 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. கேட்டதைத் தருவதும், வேலை முடிந்ததும் அப்புறப்படுத்துவதும் அந்தக் கட்டமைப்பில் உள்ள ‘கன்டெய்னர்’ என்ற பகுதியின் பொறுப்பு. சிக்கல் இந்த அப்புறப்படுத்துவதில்தான்.

டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்டான டிபிகான்டெக்ஸ்ட் வழக்கமாக ‘ஸ்கோப்டு’ வகை. அதாவது ஒரு ஸ்கோப், ஒரு வேலையின் எல்லை, இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். ஒருவர் ஆர்டர் போட்டால் அந்த ரிக்வெஸ்டுக்கென்று ஒரு ஸ்கோப் திறக்கும். பதில் போனதும் மூடும், கான்டெக்ஸ்டும் அதோடு போய்விடும். 4 மணி வேலைக்கு ரிக்வெஸ்டே கிடையாது. அதை நடத்தும் பேக்கிரவுண்ட்சர்வீஸ் ஒரு சிங்கிள்டன். சர்வர் நிற்கும்வரை அதே ஆப்ஜெக்ட்தான். அதன் கன்ஸ்ட்ரக்டரில் டிபிகான்டெக்ஸ்டைக் கேட்டால், குறைந்த ஆயுள் உள்ளதை நீண்ட ஆயுள் உள்ளது பிடித்து வைக்கிறதா என்று கன்டெய்னர் சோதித்து, டெவலப்மென்ட் சூழலில் ஆப் கிளம்பும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும்.

எரிச்சலாக இருந்தாலும் நல்ல பிழை அது. புரொடக்‌ஷனில் இந்தச் சோதனை இயல்பாக அணைந்திருக்கும் என்பதால், அங்கே ஒரே கான்டெக்ஸ்ட் சத்தமில்லாமல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். படித்த ஆர்டர்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், மெமரி ஏறும். அதைவிட மோசம், நேற்று 2 கேன் கேட்டவர் இன்று 5 என்று மாற்றியிருந்தாலும், அதே ஆர்டரை மறுபடி கேட்கும்போது கையில் இருக்கும் பழைய 2-ஐயே அது நீட்டும். டேட்டாபேஸில் சரியாக இருக்கும், பட்டியலில் தப்பாக வரும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

சரி, வழி? கன்ஸ்ட்ரக்டரில், ஸ்கோப் திறந்து தரும் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியைக் கேளுங்கள். அதுவும் சிங்கிள்டன் என்பதால் தகராறு இல்லை. டைமர் அடிக்கும் ஒவ்வொரு முறையும், லூப்புக்கு உள்ளே, புது ஸ்கோப் திறந்து அதிலிருந்து கான்டெக்ஸ்டை வாங்கி, முடிந்ததும் மூடிவிடுங்கள். பின்னணி வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் ஹேங்ஃபயர் போன்ற லைப்ரரிகள் ஒவ்வொரு ஜாபுக்கும் இதைத் தாமே செய்துவிடும்.

சர்வர் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம்ம 4 மணி அங்கே முந்தைய நாள் இரவு 10.30 என்பதையும் கவனிக்க வேண்டும். அப்புறம், ஆப் இரண்டு சர்வரில் ஓடினால் பட்டியல் இரண்டு தடவை போகும். ஸ்கோப் அதற்கு உதவாது. ஒரு சர்வர் மட்டும் அனுப்பும்படி டேட்டாபேஸில் ஒரு லாக், அதாவது பூட்டு, போட வேண்டும்.