உயர் வரையறையா, மிகுதெளிவா?

“உயர் வரையறைத் தொலைக்காட்சி.” ஹெச்.டி., அதாவது ஹை டெஃபினிஷன் தொலைக்காட்சிக்கு வைத்த தமிழ்ப் பெயர். பெட்டியின் அட்டையில் இது, கையேட்டில் இது, அமைப்புப் பட்டியலைத் தமிழுக்கு மாற்றினால் அங்கும் இதுவே. தமிழில் வரையறை என்றால் ஒன்று சொல்லுக்குத் தரும் இலக்கணம், இல்லாவிட்டால் அளவுக்கு வைக்கும் கட்டு. அப்படியானால் உயர் வரையறை என்பது உச்சவரம்பு. “சத்தத்தை இதுக்கு மேல கூட்ட முடியாதுன்னு போட்டிருக்கானா?” என்று வீட்டுப் பெரியவர் கேட்டால் பிழை அவர்மேல் இல்லை.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லத்தீனில் ஃபீனிஸ் என்றால் எல்லை. எல்லை கட்டுவது தெஃபினீரே. அதிலிருந்து பிரெஞ்சின் தெஃபினிசியோனும் ஆங்கிலத்தின் டெஃபினிஷனும் வந்தன. பொருளுக்கு எல்லை கட்டுவது ஒரு கிளை. ஒரு வில்லை (லென்ஸ்) உருவங்களின் விளிம்பை எவ்வளவு கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறது என்பது மறு கிளை. தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த மறு கிளையை.

மொரீசியசில் இந்தப் பிழைக்கு வழி இன்னும் அகலம். கடையில் யாரும் ஹெச்.டி. என்பதில்லை, பிரெஞ்சு எழுத்துப்படி “ஆஷ்-தே” என்பார்கள். விரித்தால் ஓத் தெஃபினிசியோன். பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைக்குத் தெஃபினிசியோன் என்றால் வரையறை என்றே பாடம். இரண்டையும் ஒட்டினால் உயர் வரையறை தயார். அகராதி பொய் சொல்லவில்லை, பார்த்த வரிதான் தவறு.

இதற்கு வக்காலத்து வாங்குவோரிடம் ஒரு வாதம் உண்டு. வரை என்றால் கோடு, எல்லை. லத்தீன் வேரும் எல்லை. ஆகவே வேருக்கு வேர் சரி என்பார்கள். வேர் பொருந்துவது உண்மைதான். ஆனால் படிப்பவர் வேரைப் படிப்பதில்லை, வழக்கைப் படிக்கிறார். நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணமும்கூட. அதற்காகப் பூக்கடைப் பலகையில் நாற்றம் என்று எழுதுவோமா? இன்றைய வரையறை படத்தைப் பற்றி எதுவும் சொல்லாத சொல்.

ஹெச்.டி.க்கு வழங்கும் அடுத்த பெயர் “உயர் துல்லியம்”. இதைத் தள்ள எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, பரவலாகிவிட்டது. ஆனாலும் துல்லியம் என்பது ‘துல்ய’ என்ற வடசொல்லின் வழி வந்தது, ஒப்பு என்பது அதன் அடி. இன்று அது பிழையின்மையைக் குறிக்கிறது. தராசு துல்லியம், கடிகாரம் துல்லியம். படம் இழுபட்டு முகமெல்லாம் அகன்று தெரியும்போதுகூட விளிம்புகள் கூர்மையாக இருக்கலாம்: தெளிவு உண்டு, துல்லியம் இல்லை. கலங்கிய நீர் தெளிவதைச் சொல்லும் ‘தெளி’ நம்மிடம் இருக்க, தராசுச் சொல் எதற்கு? என் தேர்வு மிகுதெளிவு. உயர்தெளிவு என்றாலும் சண்டையில்லை. ஆனால் தெளிவு மிகும், உயராது.

எவ்வளவு மிகுதி? பழைய ஒளிபரப்பில் 720×576, அதாவது 4,14,720 படப்புள்ளிகள். முழு மிகுதெளிவில் 1920×1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. “மிகு” என்பதும் காலத்தோடு நகரும் அளவுகோல்தான். பிபிசி 1936 நவம்பர் 2இல் லண்டனில் தொடங்கிய சேவையில் இரண்டு ஒளிபரப்பு முறைகள்: ஒன்றுக்கு 240 வரி, மற்றொன்றுக்கு 405 வரி. அன்றைக்கு அதற்கும் இதே ஹை டெஃபினிஷன் என்ற பெயர்தான். 4K எனப்படும் 3840×2160க்கு மீயொலி போல மீத்தெளிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் சரியாக இருந்தால் வீட்டுச் செலவும் குறையும். தெளிவு படத்தின் குணம், பொருளின் குணமல்ல. “ஆஷ்-தே ஆன்டெனா” என்று தனியாக ஒன்று கிடையாது; அலையைப் பிடிக்கும் கம்பிக்கு அந்த அலைக்குள் எத்தனை புள்ளி என்பது தெரியாது. ஒளிபரப்பு, அதைப் பிடித்துத் தரும் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்), கேபிள், திரை என நான்கு கண்ணிகள். எது தாழ்ந்ததோ அந்த அளவுக்கே படம். ஆகவே கண்ணிகளைக் குறையுங்கள்: ஒரு பெட்டி, ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள், ஒரு ரிமோட். இரண்டு மீட்டர் கேபிளில் தங்கமுலாம் பூசியதும் சாதாரணமும் ஒரே படத்தைத்தான் தரும். ஒலியும் அதிலேயே போகிறது, சிவப்பு வெள்ளை ஒயர் வேண்டாம். படம் கொண்டுவரும் பழைய மஞ்சள் ஒயரையும் 21 முனைப் பெரித்தெல் (ஸ்கார்ட்) கேபிளையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அவை குத்தியபடியே இருந்தால் திரை சிலவேளை அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். புதுத் திரையில் பழைய மங்கல் படம் ஓடும், பழி திரைமேல் விழும். பெட்டியின் அமைப்பில் 1080, 16:9 என்று ஒருமுறை வையுங்கள். அடியில் ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்பட்டால் திரையின் பட அளவைப் பெருக்கமில்லா நிலைக்கு மாற்றுங்கள். 32 அங்குலத் திரையை மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் 720 வரிக்கும் 1080 வரிக்கும் வேறுபாடு கண்ணில் படாது. அங்கே காசைக் கொட்டுவது வீண்.

பெட்டியில் 1080 வைக்கப் போகிறவர் முன்னே வந்து நிற்பதோ “தீர்மானம்” என்ற பொத்தான். ரெசொல்யூஷனுக்கு இந்தப் பெயர்! தீர்மானம் சங்கக் கூட்டத்தில் கை தூக்கி நிறைவேற்றுவது. இதற்குப் பிரிதிறன் என்ற நல்ல சொல் இருக்கிறது. பிரெஞ்சில் கறாராகப் பேசுவோர் மொத்தப் புள்ளிக் கணக்கைத் தெஃபினிசியோன் என்றும், ஓர் அங்குலத்துக்குள் இத்தனை என்பதை ரெசொலுசியோன் என்றும் பிரிப்பார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. மொழிபெயர்ப்புப் பொறி துப்பிய முதல் சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள், திரையில் அது எப்படி நிற்கும் என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

மொரீசிய ரூபாய்த் தாளில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கியதற்காக 1998இல் கொதித்தெழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற வைத்த தீவு இது. எழுத்து எந்த வரிசையில் நிற்கிறது என்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது அந்த எழுத்தால் என்ன எழுதுகிறோம் என்பதில் இருந்தால், “உயர் வரையறை” என்று அச்சடித்த அட்டை ஒன்றாவது கடைக்குத் திரும்பிப் போயிருக்கும்.