ஊக்க உரை வேண்டாம், நாற்காலியை மீண்டும் கொண்டுவந்து போடுங்கள்

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து நான்காவது தாளாளர் என்னை அழைத்துவிட்டார். ஆசிரியர்களிடம் ஈடுபாடு குறைந்துவிட்டதாம். இரண்டு மணி நேரம் உற்சாகமாகப் பேசிவிட்டுப் போக வேண்டுமாம். பள்ளி ஆலோசகனான எனக்கு இத்தகைய உரைகள் வருமானம்தான் என்றாலும், இனி ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணம், சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு கணித ஆசிரியை.

மெல்லக் கற்கும் மாணவர்களை மாலையில் தாமாகவே அமர்த்திச் சொல்லித் தந்தவர் அவர். ஒரு நாள் வகுப்பில் அவர் சற்று நேரம் உட்கார்ந்திருந்ததைக் கேமராவில் பார்த்த நிர்வாகம், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மறுநாளே அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. அவருக்குக் காலில் வெரிகோஸ் (நெடுநேரம் நின்றால் வலிக்கும் இரத்தநாளப் புடைப்பு) இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. "அன்றிலிருந்து மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், சார்" என்றார். (கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது.)

ஈடுபாடு என்பது ஆளோடு பிறந்து ஆளோடு வருவது என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரும் எரிச்சலைத் தருகிறது. 'ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி' என்று சுவரில் எழுதிவிட்டால், அர்ப்பணிக்காதவர் குணக்கேடர் ஆகிவிடுகிறார். ஒரு பள்ளியில் 'கடமைக்கு வருகிறவர்' என்று பெயரெடுத்த ஆசிரியர், பள்ளி மாறிய மறு ஆண்டே அறிவியல் கண்காட்சியைத் தாமே முன்னின்று நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் கூடவில்லை, புதிய தலைமையாசிரியர் பெற்றோர் முன்னிலையில் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆள் அதே ஆள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்தியது. களைத்துப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தம் திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நம் நிர்வாகங்கள் இரண்டாவதை மட்டும் பார்த்து அதற்குத் 'திமிர்' என்று பெயர் வைக்கின்றன.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாராந்திர 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே ஓய்வுப் பாடவேளை என்பது ஓய்வு அன்று; விடுப்பில் போனவரின் வகுப்பை ஈடுகட்ட நாள்தோறும் அதைப் பறிக்காதீர்கள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பாதீர்கள். புகாரோடு பெற்றோர் வந்தால், தயவுசெய்து முதலில் ஆசிரியரைத் தனியே அழைத்து நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆசிரியையின் சம்மதத்தோடு அவருடைய தாளாளரிடமும் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாற்காலி இப்போது அலுவலக அறைக்கு வெளியே கிடக்கிறது; பெற்றோர் வந்தால் அமர்வதற்காம்.