ஆயிரத்துக்கு எத்தனை இலக்கம்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில், மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நான் ஆற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். "மாமா, ஆயிரத்துக்கு மூனு இலக்கம்னு சொல்லுது!"

எண்ணில் எத்தனை இலக்கம் என்று மடக்கையை (லாக்) வைத்துச் சொல்லும், சி மொழியில் எழுதிய நிரல் அது. ஓர் அடியை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பதே மடக்கை. எண்ணின் லாக்கை 10-இன் லாக்கால் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு, 1 கூட்டியிருந்தான். 999 வரை ஒழுங்காக ஓடியது. 1000-இல் தடுக்கிவிட்டது.

எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) கூடுதல் கணிதத்துக்கு வாங்கும் கால்குலேட்டரில் லாக் பொத்தானுக்கு அடி 10. சி மொழியில் லாக் என்றாலே இயல் மடக்கை, அடி 2.71828 சொச்சம். அடி 10-க்கு லாக்10 தனியாக இருக்கிறது. அடி 2-க்கான லாக்2, சி மொழியின் 1999 தரத்தில் சேர்ந்தது. வேறு அடி வேண்டுமென்றால் இப்படி வகுத்துக்கொள்வதுதான் வழி. ஆக, பையனின் கணக்கில் தப்பில்லை.

தப்பு எங்கே? கணினி லாக் போடும் விதத்தைப் பார்க்க வேண்டும். கணினி எண்ணை இரண்டின் அடுக்காகத்தான் வைத்திருக்கிறது: 1000 என்பது 0.9765625 பெருக்கல் 2-இன் 10-ஆம் அடுக்கு. 2-இன் மடக்கை 0.693147 என்பது முன்கூட்டியே தெரியும். பத்து மடங்கு 6.931472. மிச்சமுள்ள 0.9765625 ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால், சின்னப் பல்லுறுப்புக் கோவையே போதும்: சுமார் −0.023717. கூட்டினால் 6.907755. நூலகங்கள் இதில் அட்டவணைகளையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் சூட்சுமம் இதுதான்.

விடை ஏறக்குறைய 16 இலக்கத்தோடு நின்றுவிடும். 1000, 10 இரண்டின் லாக் விடைகளும் கடைசி நுனியில் சற்றே சுருங்கியோ நீண்டோ இருக்க, வகுத்தால் வருவது 2.9999999999999996. அதை முழு எண்ணாக்கினால் சி ஈவிரக்கமின்றி வெட்டி 2 ஆக்கிவிடும்.

லாக்10-க்கு மாற்றினான், 1000-க்கு 4 வந்தது. சரி, பதினைந்து ஒன்பதுகளைக் கொடு என்றேன். 16 இலக்கம் என்றது! உண்மையான மடக்கை 15-ஐ அவ்வளவு ஒட்டியிருப்பதால், இடையில் வைக்க டபுளில் (சி மொழியில் தசம எண்களை வைக்கும் வகை) எண்ணே இல்லை. 0 கொடுத்தால் கழித்தல் முடிவிலி. அதை முழு எண்ணாக்கினால் என்ன வரும் என்று சி தரமே உறுதி சொல்வதில்லை.

கடைசியில் மடக்கையை ஓரங்கட்டிவிட்டு, எண் 0 ஆகும்வரை 10-ஆல் வகுத்து எண்ணும் டூ-வைல் சுழற்சி (ஒருமுறையாவது ஓடிவிட்டுத்தான் நிபந்தனையைப் பார்க்கும்) ஒன்றை எழுதினான். நான்கே வரி. தே தாரிக் அதற்குள் பச்சைத் தண்ணீராகியிருந்தது.