வளர்ப்புப் பாம்பு தன்னை வளர்ப்பவரை எப்படி அறிகிறது?

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ராயல் பைத்தான், இன்று வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று. நஞ்சற்ற இந்தச் சிறிய மலைப்பாம்பு, அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். புதியவர் கையில் அப்படிச் சுருண்டு கிடக்கும் பாம்பு, நெடுநாள் வளர்த்தவரின் கையில் நிதானமாக ஊர்ந்து செல்வதை வளர்ப்போர் பலர் கவனித்திருக்கிறார்கள். அது வெறும் கற்பனையன்று. ஆனால், நாய் முகம் பார்த்து அறிவதைப் போலப் பாம்பு அறிவதில்லை. அதன் உலகில் ஒருவருக்கு அடையாளம் முதன்மையாக அவருடைய மணமே.

பாம்பின் முன் மெல்லக் கையை நீட்டினால், அது வாயைத் திறக்காமலேயே மேலுதட்டின் நடுவிலுள்ள சிறு இடைவெளி வழியாகப் பிளவுபட்ட நாக்கை வெளியே நீட்டும். நாக்கு காற்றில் மேலும் கீழும் அசைந்து, சில வேளை தோலை இலேசாகத் தொட்டுவிட்டு, உள்ளே திரும்பும். அந்த நொடிப்பொழுதில் ஈர நாக்கில் ஒட்டிய மூலக்கூறுகள், மேலண்ணத்திலுள்ள இரு நுண்துளைகள் வழியாக, மணத்தை உணரும் ஜேகப்சன் உறுப்பைச் சென்றடைய, அங்குள்ள உணர்செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நாக்கின் இரு முனைகளும் விலகியிருப்பதால், எந்தப் பக்கம் மணம் மிகுதி என்பதையும் பாம்பால் ஒப்பிட முடிகிறது; அமெரிக்க உயிரியலாளர் கர்ட் ஷ்வெங்க் 1994-இல் இதை விரிவாக விளக்கினார். வியர்வை, தோலின் எண்ணெய்ச் சுரப்பு, தோலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவை சேர்ந்து ஆளுக்கு ஆள் மாறுபடும் மணக்கலவையை உண்டாக்குகின்றன.

மற்றப் புலன்கள் துணைக்கு வருகின்றன. செவிப்பறை இல்லாவிட்டாலும், மண்டையோட்டு அதிர்வின் வழியே ராயல் பைத்தான் 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை நன்கு உணர்வதாக 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆண்குரலின் அடி அதிர்வெண் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். உதட்டோரக் குழிகள் உடல் வெப்பத்தை உணர்கின்றன. ஆனால், வந்திருப்பது வெதுவெதுப்பான ஓர் உயிர் என்பதைத்தான் வெப்பம் சொல்லும். அது யார் என்பதைச் சொல்லாது.

மணத்தைப் பிரித்தறிவது பாதி வேலைதான். அந்த மணத்தோடு அனுபவம் சேர வேண்டும். பாம்பு கற்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழுவினர் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கார்ன் ஸ்னேக் வகைப் பாம்புகள் திறந்த அரங்கிலிருந்து தப்பி ஒளிவதற்கான துளை எங்கே இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டன. அதேபோல, ஒரு குறிப்பிட்ட மணமுள்ள கை மீண்டும் மீண்டும் தூக்கியும் தீங்கு நேரவில்லை என்றால், பாம்பின் அச்ச எதிர்வினை படிப்படியாகத் தணிகிறது. வளர்ப்பவர் 'என்னைத் தெரிந்துகொண்டது' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தணிவைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் வளர்ப்பவர்கள் அறிவார்கள். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டுக்குள் நீட்டினால், நாள்தோறும் அமைதியாக இருந்த அதே பாம்பு கழுத்தை எஸ் வடிவில் வளைத்துப் பின்னிழுத்து, சட்டென்று பாய்ந்து கவ்வக்கூடும். அது நன்றி மறந்த செயலன்று. பழகிய மணத்தின்மேல் இரையின் மணம் படிந்துவிட்டதால், பாம்பு அந்தக் கையை இரையாகவே எடுத்துக்கொள்கிறது.

எல்லா இனங்களையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. 2024-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், கூட்டமாக வாழும் கார்ட்டர் பாம்புகள், தங்கள் சொந்த மணத்தில் ஆலிவ் எண்ணெய் கலந்து வைத்தபோது கூடுதல் நேரம் நாக்கை நீட்டி ஆராய்ந்தன; தங்கள் மணம் மாறியிருப்பதை அவை கவனித்தன என்பதற்கான அறிகுறி இது. ராயல் பைத்தான்கள் அத்தகைய வேறுபாட்டைக் காட்டவில்லை. பாம்பு அன்பு காட்டுகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. அதே நேரத்தில், அதற்கு எதுவுமே தெரியாது என்று ஒதுக்குவதும் தவறே.

ஆகவே, பாம்பை எடுக்குமுன் மணமற்ற சோப்பால் கைகழுவுவதும், பாம்பைக் கையாளும் கொக்கிக் கோலால் உடலை மெல்லத் தொட்டு இது உணவு வேளையன்று என உணர்த்துவதும், நாக்கு சில முறை வெளிவந்து கையை ஆராயும்வரை காத்திருப்பதும் வளர்ப்பவர் கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்.